காந்தப் படலத்தில் ஃபெம்டோ நொடி லேசர்: காலம் பிரித்த கெர் அளவீட்டுக்கு முழுமையான வழிகாட்டி

நிக்கல் போன்ற காந்த உலோகத்தின் மெல்லிய படலத்தில் வலுவான, மிகக் குறுகிய லேசர் துடிப்பு ஒன்று விழுந்தால், அதன் காந்தமாக்கம் ஒரு பீக்கோ நொடிக்குள் (நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) சரிகிறது. ஒளியை முதலில் எலக்ட்ரான்கள் உறிஞ்சிச் சூடேறுகின்றன. அவற்றின் தற்சுழற்சி ஒழுங்கு அடுத்த சில நூறு ஃபெம்டோ நொடிகளில் (பீக்கோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ நொடி) குலைகிறது. படிக அமைப்புக்கு வெப்பம் முழுமையாகச் சென்று சேர ஒரு பீக்கோ நொடி அளவுக்கு ஆகிறது. இந்த நிகழ்வுகளை ஒரே ஒளியியல் மேசையில் அளந்துவிட உதவுவது காந்த ஒளியியல் கெர் விளைவு: காந்தமாக்கப்பட்ட பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கத் தளம் மிகச் சிறிய கோணம் சுழலும். அந்தக் கோணம் காந்தமாக்கத்தோடு சேர்ந்து கூடும், குறையும்.

துடிப்புகள் இரண்டு. வலுவானது படலத்தைக் கிளர்த்துகிறது, அது பம்ப். வலுக் குறைந்தது சற்றுத் தாமதமாக வந்து நிலையைப் படிக்கிறது, அது புரோப். தாமதத்தை மாற்றி மாற்றி அளந்தால் காலவரிசை கிடைக்கும்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கோட்பாட்டில் அல்ல, வரிசையில்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டி, தாமதத்தை ஓட்டி, திரையில் ஒரு வளைகோடு வந்ததும் மகிழ்ந்துவிடுகிறார்கள். அது சிதறிய பம்ப் ஒளியாக இருக்கலாம், எதிரொளிப்பின் மாற்றமாக இருக்கலாம், தாமதத்தை மாற்ற ஆடிகளைச் சுமந்து நகரும் மேடையால் கற்றை விலகியதாகவும் இருக்கலாம். கீழுள்ள வரிசையில் ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு அனுமதிச்சீட்டு. முந்தையது தேறாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

800 நானோமீட்டரில் நொடிக்கு 1,000 துடிப்புகள் தரும் டைட்டானியம் சஃபையர் பெருக்கி லேசரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நொடிக்கு 8 கோடித் துடிப்புகள் தரும் அலையியற்றியைப் பயன்படுத்துவோருக்கு எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

பம்புக்கு 800 நானோமீட்டர், புரோபுக்கு 400 நானோமீட்டர் என இரண்டு நிறங்களை வைத்துக்கொள்ளுங்கள். புரோப் கற்றையைப் பேரியம் போரேட் படிகத்தின் வழியாக அனுப்பினால் அலைநீளம் பாதியாகும். நிறம் வேறானால், கண்டுணர்விக்கு முன்னால் ஒரு நீல வடிகட்டியை வைத்தே சிதறிய பம்ப் ஒளியை விரட்டிவிடலாம். ஒரே நிறத்தில் இரண்டையும் வைத்தால் சிதறலும் உள்ளே வரும். பூஜ்ஜியத் தாமதத்தில் இரு துடிப்புகளும் குறுக்கிட்டுப் போலிக் கூர்முனை ஒன்றையும் தோற்றுவிக்கும்.

முனைவாக்கிகளும் அலைத் தகடுகளும் அந்தந்த நிறத்துக்கு உரியவையா என்று பாருங்கள். 800 நானோமீட்டருக்கான அரை அலைத் தகடு 400 நானோமீட்டரில் ஏறத்தாழ முழு அலைத் தகடாகிவிடும். அதை எவ்வளவு திருப்பினாலும் முனைவாக்கம் அசையாது. தகட்டில் பழுது என்று நினைத்து அரை நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெருக்கி லேசர் மில்லிஜூல் கணக்கில் தரும்; உங்களுக்குத் தேவை ஒரு மைக்ரோஜூல் அளவுதான். முழுக் கற்றையை உறிஞ்சும் வகை வடிகட்டிகளில் செலுத்தி அடக்காதீர்கள். அவை சூடேறிக் கற்றையின் வடிவைக் கெடுக்கும். முதலில் பூச்சில்லாத ஆப்புக் கண்ணாடியின் எதிரொளிப்பை மட்டும் எடுங்கள். பிறகு அரை அலைத் தகடும் முனைவாக்கியும் சேர்ந்த இணையால் நுண்ணளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கற்றை கடக்கும் கண்ணாடியின் தடிமனையும் கணக்கில் வையுங்கள். 35 ஃபெம்டோ நொடி நீளமுள்ள 800 நானோமீட்டர் துடிப்பு 10 மில்லிமீட்டர் உருகிய சிலிக்காவைக் கடந்தால் ஏறத்தாழ 45 ஃபெம்டோ நொடியாகும். 400 நானோமீட்டரில் இந்த விரிவு இன்னும் கடுமை: 50 ஃபெம்டோ நொடித் துடிப்பு அதே தடிமனில் 70ஐத் தாண்டிவிடும். வில்லைகள் மெல்லியவையாக இருக்கட்டும். குவிக்க வளைந்த ஆடி கிடைத்தால் அதுவே மேல்.

2. முதல் மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

ஆய்வு செய்ய விரும்பும் புதிய பொருளை முதல் நாளே மேசையில் வைக்க வேண்டாம். விடை தெரிந்த மாதிரியில் கருவியைத் தேற்றிய பிறகுதான் விடை தெரியாததைத் தொட வேண்டும்.

15 நானோமீட்டர் தடிமனுள்ள நிக்கல் படலம் நல்ல தொடக்கம். உலோகங்களுக்குள் இந்த ஒளி பத்து, பதினைந்து நானோமீட்டர் ஆழம்தான் ஊடுருவும். படலம் அதே அளவில் இருந்தால் மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ ஒரே சீராகச் சூடேறும். 100 நானோமீட்டர் படலத்தில் மேற்பகுதி கொதிக்கும், அடிப்பகுதி குளிர்ந்தே இருக்கும். பிறகு வெப்பம் கீழே இறங்குவதும் காந்தமாக்கம் மீள்வதும் ஒன்றாகக் கலந்து பிரிக்க முடியாமல் போகும்.

நிக்கலின் கியூரி வெப்பநிலை, அதாவது காந்த ஒழுங்கு மறையும் வெப்பநிலை, சுமார் 630 கெல்வின். கோபால்ட்டுக்கு அது 1,400 கெல்வினை ஒட்டியது. அதனால் நிக்கலில் குறைந்த ஆற்றலிலேயே பெரிய மாற்றம் தெரியும். கடோலினியத்தை முதலில் தொடாதீர்கள். அதன் கியூரி வெப்பநிலை அறை வெப்பநிலையை ஒட்டியிருக்கிறது. அதன் காந்தக் குலைவு இரண்டு கட்டங்களாக, பத்துக்கணக்கான பீக்கோ நொடிகள் வரை நீளும். கருவியின் பிழையையும் பொருளின் இயல்பையும் அங்கே புதியவர் பிரித்தறிய முடியாது.

படலத்தைத் தாங்கும் தளத்துக்குக் கண்ணாடியைவிட சஃபையர் மேல். அது வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொள்ளும். துருவேறாமல் இருக்க மெல்லிய மேல்பூச்சு தேவை.

காந்தமாக்கம் படலத்தின் பரப்புக்கு இணையாகவா, செங்குத்தாகவா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் கற்றை விழும் கோணத்தை அதுதான் தீர்மானிக்கிறது. செங்குத்து அமைப்பில் கெர் சுழற்சி பெரியது, ஒளி நேராக விழலாம். ஆனால் நிக்கல் படலத்தைச் செங்குத்தாக முழுமையாகக் காந்தமாக்க 0.6 டெஸ்லாவுக்கு மேல் புலம் வேண்டும். வலுவான மின்காந்தம் இல்லையென்றால் பரப்புக்கு இணையாகவே காந்தமாக்கி 45 பாகைச் சாய்வில் அளக்கலாம். சமிக்ஞை சிறிதாகும், அவ்வளவுதான். கோபால்ட்-பிளாட்டினம் பல்லடுக்கு கிடைத்தால் இன்னும் எளிது, அது தானாகவே செங்குத்தாகக் காந்தமாகி நிற்கும்.

எந்த மாதிரியானாலும் ஒரு நிபந்தனை உண்டு. இந்த அளவீடு பல்லாயிரம் துடிப்புகளின் சராசரி. ஒவ்வொரு பம்ப் துடிப்புக்குப் பிறகும் படலம் பழைய நிலைக்கே திரும்பியாக வேண்டும். அதனால் வெளிப்புலம் படலத்தின் காந்த நீக்கு விசையைவிட (காந்தமாக்கத்தைப் புரட்டத் தேவையான எதிர்ப்புலம்) தெளிவாக அதிகமாக இருக்கட்டும்.

3. பாதுகாப்பு

இது நான்காம் வகுப்பு லேசர். 800 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத் தெரியும். அந்த மங்கல் ஒரு பொறி. கண் அந்த நிறத்தைச் சரியாக உணர்வதில்லை, விழித்திரையோ முழு ஆற்றலையும் வாங்கிக்கொள்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி 800, 400 இரண்டையும் தடுப்பதாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் தடுப்பதை அணிந்துகொண்டு நிம்மதியாக இருப்பது அணியாததைவிட மோசம்.

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். கற்றையின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தாதீர்கள். கீழே விழுந்த திருகை எடுக்கக் குனியும்போது கண்களை மூடிக்கொள்வது நல்ல பழக்கம். ஒவ்வோர் எதிரொளிப்பும் எங்கே போய் முடிகிறது என்று பார்த்து அங்கே தடுப்பு வையுங்கள். ஒழுங்குபடுத்தும் வேலை எல்லாம் மிகக் குறைந்த ஆற்றலில்தான் நடக்க வேண்டும்.

4. கண்டுணர்வியைச் சமன் செய்தல்

பம்பை மூடிவிடுங்கள். இந்தப் படியிலும் அடுத்ததிலும் அதற்கு வேலை இல்லை.

மாதிரியிலிருந்து திரும்பும் புரோப் ஒளி அரை அலைத் தகட்டையும் வோலாஸ்டன் பட்டகத்தையும் கடந்து இரண்டு கற்றைகளாகப் பிரிந்து இரண்டு ஃபோட்டோடையோடுகளில் விழட்டும். தகட்டைத் திருப்பி இரண்டிலும் ஒரே அளவு ஒளி விழச் செய்யுங்கள். இந்த நிலையில் முனைவாக்கம் சுழன்றால் ஒன்று கூடும், மற்றது குறையும். வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் சுழற்சிக் கோணத்தின் இரு மடங்கு ரேடியனில் கிடைக்கும்.

ஏன் இத்தனை பாடு? கெர் சுழற்சி 0.1 பாகை என்று வைத்துக்கொள்வோம். வித்தியாச விகிதம் 0.0035. அதில் பத்து சதவீதக் காந்தக் குலைவைத் தேடினால், பத்தாயிரத்தில் மூன்றரைப் பங்கு மாற்றத்தைப் பிடிக்க வேண்டும். லேசரின் துடிப்புக்குத் துடிப்பு ஏற்ற இறக்கமே அதைவிடப் பெரியது. சமன் செய்தால் அந்த ஏற்ற இறக்கம் இரு டையோடுகளிலும் ஒன்றாக வந்து கழிந்துவிடும். சமன் கலைந்தால் அந்த அளவுக்கு இரைச்சல் உள்ளே நுழையும்.

முனைவாக்கியை மாதிரிக்கு முன் கடைசி உறுப்பாக, அதிகபட்சம் குவிக்கும் வில்லைக்கு முன்பாக வையுங்கள். அதற்குப் பிறகு சாய்ந்த ஆடிகள் வந்தால் நேர்கோட்டு முனைவாக்கம் நீள்வட்டமாகிவிடும். மாதிரிக்கும் பட்டகத்துக்கும் நடுவிலும் இதே விதிதான்.

இரண்டு சோதனைகளைச் செய்யாமல் நகராதீர்கள். தகட்டை 0.1 பாகை திருப்பினால் முனைவாக்கம் 0.2 பாகை திரும்பும்; அப்போது மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதுவே உங்கள் அளவுகோல். அடுத்து, பாதி ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை வையுங்கள். சமிக்ஞை சரிபாதியாகக் குறையவில்லையென்றால் டையோடு நிறைவடைந்து கிடக்கிறது, அதாவது ஒளி கூடினாலும் அதன் சமிக்ஞை அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆயிரம் துடிப்பு லேசரில் சராசரித் திறன் சிறிதாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு துடிப்பும் பெரியது; இந்தத் தவறு எளிதில் நேரும்.

5. பம்ப் இல்லாமல் தயக்க வளையம்

இப்போது காந்தப் புலத்தை எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கும் பிறகு திரும்பவும் கொண்டுசெல்லுங்கள். சமிக்ஞை ஒரு தயக்க வளையத்தை, அதாவது போகும்போது ஒரு பாதையிலும் திரும்பும்போது வேறு பாதையிலும் செல்லும் மூடிய கோட்டை, வரைய வேண்டும். வளையம் வராமல் பம்பைத் திறப்பதில் பொருளே இல்லை: நிலையான காந்தத்தைப் பார்க்க முடியாத கருவி அதன் சிறு மாற்றத்தைப் பார்க்கப் போவதில்லை.

வளையத்துக்குப் பதிலாகப் புலத்தோடு நேர்கோடாக ஏறும் சமிக்ஞை வந்தால் அது படலத்திலிருந்து வருவதல்ல. காந்த முனைகளுக்கு அருகிலுள்ள வில்லையோ மாதிரியின் தளமோ ஃபாரடே விளைவால் ஒளியைச் சுழற்றுகிறது. வில்லையைத் தள்ளி வையுங்கள். மிச்சமிருக்கும் சரிவை, புலம் முழு நிறைவைத் தாண்டிய பகுதியிலிருந்து கணித்துக் கழித்துவிடலாம்.

புலத்தின் திசை எதுவானாலும் ஒரே பக்கம் வளையும் கோடு வந்தால், புலம் மாதிரித் தாங்கியையே இழுக்கிறது என்று சந்தேகியுங்கள். எங்காவது ஓர் எஃகுத் திருகு இருக்கும். பித்தளை, அலுமினியம் தவிர வேறெதையும் காந்தத்தருகே விடாதீர்கள். மாதிரி இருந்த இடத்தில் வெறும் அலுமினிய ஆடியை வைத்து அதே புலச் சுற்றை ஓட்டிப் பாருங்கள். அப்போது வரும் எதுவும் கருவியின் குற்றம்.

கிடைத்த வளையத்தின் முழு உயரத்தைக் குறித்து வையுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் வகுக்கப்போவது அந்த எண்ணால்தான்.

6. நகரும் மேடையை நேராக்குதல்

மேடை 1 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் ஒளி போய்த் திரும்பும் பாதை 2 மைக்ரோமீட்டர் மாறும், தாமதம் 6.67 ஃபெம்டோ நொடி. 15 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு நானோ நொடி. கணினி நிரலில் இந்த இரண்டு மடங்கை மறப்பவர்கள் இரு மடங்கு வேகத்தில் நடக்கும் இயற்பியலைக் ‘கண்டுபிடிக்கிறார்கள்’.

மேடையை எந்தக் கற்றையில் வைப்பது? பம்ப் கற்றையில் வையுங்கள். மேடை எவ்வளவு கவனமாக அமைந்தாலும் கற்றை சிறிது அலையும். புரோப் அலைந்தால் கண்டுணர்வியின் சமன் கெடும். பம்பின் புள்ளி பெரியது என்பதால் சற்று அலைந்தாலும் புரோபின் அடியில் ஆற்றல் அதிகம் மாறாது.

மாதிரி இருக்கும் தளத்தில் ஒரு கேமராவை வைத்து, மேடையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டுங்கள். புள்ளி நகர்ந்தால், மேடைக்குள் நுழையும் கற்றையை அதன் பயணத் திசைக்கு இணையாகத் திருத்துங்கள். வெளியேறும் பக்கத்து ஆடியைத் திருகிச் சரிசெய்யப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. அது ஒரு முனையில் சரியாகும், மறுமுனையில் கெடும்.

7. இரு புள்ளிகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தல்

பம்ப் புள்ளி புரோப் புள்ளியைவிட மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். பம்பின் நடுப்பகுதியில் மட்டுமே ஆற்றல் சீரானது. புரோப் அந்த நடுவுக்குள் அடங்கினால்தான் ‘இவ்வளவு ஆற்றலுக்கு இவ்வளவு மாற்றம்’ என்று சொல்ல முடியும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் நன்கு சூடான பகுதியும் சூடாகாத ஓரமும் கலந்த சராசரிதான் வரும்.

அளவைக் கத்தி முனையால் அளங்கள். கூர்மையான விளிம்பைக் கற்றையின் குறுக்கே மெல்ல நகர்த்தி, கடந்துவரும் திறன் 84 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறையும் தூரத்தைக் குறியுங்கள். காஸியன் கற்றையாக இருந்தால் அந்தத் தூரமே ஆரம். அதாவது செறிவு நடுவிலுள்ளதில் ஏறத்தாழ 13.5 சதவீதமாகக் குறையும் இடம்வரை உள்ள தொலைவு. கிடையாகவும் நெடுக்காகவும் தனித்தனியே அளங்கள். சாய்ந்து விழும் கற்றையின் புள்ளி படலத்தின்மேல் ஒரு திசையில் நீண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கற்றைகளுக்கு இடையேயுள்ள கோணத்தைச் சிறிதாக்குங்கள். புரோப் செங்குத்தாகவும் பம்ப் 10 பாகைச் சாய்விலும் விழுந்து, புரோப் புள்ளி 100 மைக்ரோமீட்டர் அகலமாக இருந்தால், புள்ளியின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் பம்ப் வந்துசேரும் நேரம் 58 ஃபெம்டோ நொடி வேறுபடும். 40 ஃபெம்டோ நொடி லேசரை வைத்துக்கொண்டு அதன் கூர்மையை இந்த ஒரு கோணத்தில் இழப்பது பரிதாபம்.

8. பூஜ்ஜிய நேரத்தைத் தேடுதல்

பொறுமை அதிகம் தேவைப்படும் படி இது. கெர் சமிக்ஞையை வைத்தே பூஜ்ஜிய நேரத்தைத் தேடத் தொடங்குவது வீண் வேலை. சமிக்ஞை இல்லையென்றால் நேரம் தவறா, இடம் தவறா, பம்ப் போதவில்லையா என்று தெரியாது. மூன்று கட்டங்களாக நெருங்குங்கள்.

முதலில் அளவுநாடா. கற்றைப் பிரிப்பானிலிருந்து மாதிரிவரை இரண்டு பாதைகளையும் ஆடி ஆடியாக அளந்து கூட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் பிழை 33 பீக்கோ நொடி. வழியிலுள்ள கண்ணாடியையும் சேருங்கள். 10 மில்லிமீட்டர் கண்ணாடி பாதையை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீட்டும், அது 17 பீக்கோ நொடி. பாதைகள் மேடையின் எல்லைக்குள் சமமாகவில்லையென்றால் ஆடிகளை இப்போதே மாற்றி அமையுங்கள். வேகமான டையோடும் அலைநோக்கியும் இருந்தால், பெரிய தப்புக்கணக்கு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

இரண்டாவது, குறைகடத்தி. மாதிரி இருக்கும் இடத்தில் சிலிக்கான் அல்லது காலியம் ஆர்சனைடு துண்டு ஒன்றை வைத்து, பம்பால் எதிரொளிப்பு மாறுகிறதா என்று பாருங்கள். பம்ப் உருவாக்கும் மின்னூட்டக் கடத்திகள் நெடுநேரம் தங்குவதால், சமிக்ஞை ஒருமுறை எழுந்தால் உடனே விழுந்துவிடாது. அதனால் 5 பீக்கோ நொடித் தாவல்களில் தேடினாலும் ‘முன்னே ஒன்றுமில்லை, பின்னே இருக்கிறது’ என்ற படிக்கட்டு அகப்படும். பிறகு படிக்கட்டைப் பாதி பாதியாக நறுக்கி நெருங்குங்கள். இதைத் தவிர்த்து நேராக அடுத்த கட்டத்துக்குத் தாவுபவர், நூறு ஃபெம்டோ நொடி அகலமுள்ள ஒரு கூர்முனையை நூறு பீக்கோ நொடிப் பரப்பில் தேடிக்கொண்டிருப்பார்.

இடப்பொருத்தத்தையும் இந்தத் துண்டிலேயே திருத்துங்கள். சமிக்ஞை உச்சமாகும்வரை பம்பின் கடைசி ஆடியைத் திருகுங்கள். புரோபைத் தொடாதீர்கள், தொட்டால் சமன் போய்விடும்.

மூன்றாவது, அதே இடத்தில் மெல்லிய பேரியம் போரேட் படிகம். இரு துடிப்புகளும் ஒரே நேரத்தில் இருக்கும்போது மட்டும் 800உம் 400உம் கூடி 267 நானோமீட்டர் புறஊதா ஒளி பிறக்கும். தாமதத்தை மாற்றி அதன் செறிவை வரைந்தால் உச்சம் பூஜ்ஜிய நேரம், அகலம் உங்கள் கருவியின் காலக் கூர்மை. படிகம் தடித்திருந்தால் இரு நிறங்களும் அதனுள் வெவ்வேறு வேகத்தில் செல்வதால் அகலம் பொய்யாக விரியும். புறஊதா கண்ணுக்குத் தெரியாது. ஒளிரும் அட்டையைப் பயன்படுத்துங்கள்.

மாதிரியைத் திரும்ப வைக்கும்போது அதன் முகம் பழைய தளத்திலேயே இருக்க வேண்டும். முன்பின் 0.1 மில்லிமீட்டர் தள்ளினால் இரு கற்றைகளின் பாதையும் மாறும். கோணம் சிறிதாக இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு மாறுவதால் பாதிப்பு குறையும். சிறிய கோணத்துக்கு இது இன்னொரு காரணம்.

9. பம்ப் ஆற்றலைக் கணக்கிடுதல்

நடுப்பகுதியின் ஆற்றல் அடர்த்தி என்பது துடிப்பு ஆற்றலின் இரு மடங்கை, பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. 1 மைக்ரோஜூல் துடிப்பும் 150 மைக்ரோமீட்டர் ஆரமும் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.8 மில்லிஜூல். நிக்கலில் இது தெளிவான சமிக்ஞை தரும். அந்த ‘இரு மடங்கு’ விடுபட்டால் நடுப்பகுதி அடர்த்தி பாதியாகிவிடும். பிறரது எண்ணோடு ஒப்பிடும்போது அவர் உச்சத்தைச் சொல்கிறாரா சராசரியைச் சொல்கிறாரா, விழும் ஆற்றலையா உறிஞ்சிய ஆற்றலையா என்று பாருங்கள்.

திறன்மானியை வைக்கும்போது சாப்பர் (கற்றையை விட்டு விட்டுத் தடுக்கும் சுழல் தட்டு) சுழல்கிறதா என்று கவனியுங்கள். சாப்பர் துடிப்புகளில் பாதியைத் தடுக்கிறது, மானி பாதித் திறனைக் காட்டும். ஆனால் படலத்தை அடையும் ஒவ்வொரு துடிப்பின் ஆற்றலும் குறையவில்லை. இந்த இரண்டு மடங்குப் பிழையைத் தப்பியவர்கள் குறைவு.

புரோபின் ஆற்றல் அடர்த்தி பம்பைவிடக் குறைந்தது பல பத்து மடங்கு கீழே இருக்கட்டும். அலையியற்றி லேசரில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. அங்கே துடிப்புகளுக்கு இடைவெளி 12.5 நானோ நொடிதான், படலம் முழுவதும் குளிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். நிலையான வெப்பம் சேர்ந்துகொண்டே போகும்.

10. முதல் ஓட்டம்

சாப்பரை பம்ப் கற்றையில், லேசரோடு இணைத்து 500 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். ஒரு துடிப்பு போகும், அடுத்தது தடுக்கப்படும். ஒவ்வொரு புரோப் துடிப்பையும் தனித்தனியாகக் கணினியில் பதிந்து அடுத்தடுத்தவற்றைக் கழிப்பதே ஆயிரம் துடிப்பு லேசருக்குச் சிறந்த வழி. அலையியற்றிக்கு, சாப்பரின் அதிர்வெண்ணில் வரும் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கி பொருந்தும்.

பூஜ்ஜியத்துக்கு 1 பீக்கோ நொடி முன்பிருந்து தொடங்குங்கள். பூஜ்ஜியத்தைச் சுற்றி 20, 30 ஃபெம்டோ நொடித் தாவல்கள். 2 பீக்கோ நொடிக்குப் பிறகு தாவலைப் பெரிதாக்கலாம். லாக்-இன் என்றால் ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் அதன் நேர மாறிலியைப் போல ஐந்து மடங்கு காத்திருங்கள். காத்திருக்காவிட்டால் கூர்மையான சரிவு வழுவழுப்பாகி, குலைவு நேரம் நீண்டதாகத் தோன்றும்.

மெதுவான ஒரே ஓட்டத்தைவிட விரைவான பல ஓட்டங்களின் சராசரி நம்பகமானது. லேசரும் அறை வெப்பநிலையும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே ஓட்டத்தில் அந்த நகர்வு வளைகோட்டின் வடிவமாகப் பதிந்துவிடும். பல ஓட்டங்களில் அது சிதறிப்போகும்.

நிக்கலில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய வடிவம் இது: பூஜ்ஜியத்துக்கு முன் தட்டை, சில நூறு ஃபெம்டோ நொடிகளுக்குள் சரிவு, அடுத்த சில பீக்கோ நொடிகளில் பாதியளவு மீட்சி, பிறகு வெப்பம் தளத்துக்குள் இறங்கும் நீண்ட மெதுவான வால்.

பூஜ்ஜியத்துக்கு முன்னால் சமிக்ஞை சுழியாக இல்லையென்றால் நிறுத்துங்கள். புலத்தைத் திருப்பினால் அதன் குறி மாறுகிறதா? மாறினால் முந்தைய துடிப்பின் வெப்பம் இன்னும் அடங்கவில்லை. மாறாவிட்டால் சிதறிய பம்ப் ஒளி கண்டுணர்விக்குள் புகுகிறது.

11. இது காந்தம்தானா என்று சோதித்தல்

ஒவ்வொரு ஓட்டத்தையும் இரு புலத் திசைகளிலும் எடுங்கள். இரண்டின் வித்தியாசத்தில் பாதி காந்தப் பகுதி. கூட்டுத்தொகையில் பாதி காந்தமல்லாத பகுதி. ஒரே திசையில் எடுத்த வளைகோட்டை நான் பார்க்கக்கூட மாட்டேன். காந்தமல்லாத பகுதியையும் தூக்கி எறியாதீர்கள். டையோடுகளின் மொத்தத்திலிருந்து வரும் எதிரொளிப்பு மாற்றத்தோடு அதை ஒப்பிட்டால், எலக்ட்ரான்கள் எப்போது சூடேறிக் குளிர்ந்தன என்பதற்குத் தனிச் சாட்சி கிடைக்கும்.

அடுத்தது புரோபை மட்டும் மூடி ஓட்டுவது. ஏதாவது மிஞ்சினால் அது சிதறல். பம்பின் முனைவாக்கத்தை 90 பாகை திருப்பியும் பாருங்கள். பூஜ்ஜியத்தில் இருக்கும் கூர்முனை மட்டும் மாறி மற்றவை அப்படியே இருந்தால், அந்தக் கூர்முனை இரு துடிப்புகளின் நேரடிச் சேர்க்கையால் வந்தது, படலத்தின் காந்தத்தால் அல்ல.

இவ்வளவும் தேறினாலும் ஒரு சந்தேகம் மிஞ்சும். குறி மாறும் சமிக்ஞைகூட முழுக்கக் காந்தமாக்கத்தின் மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. பம்ப் எலக்ட்ரான்களை மேல் நிலைகளுக்கு அனுப்பி, புரோப் பயன்படுத்தும் நிலைகளை நிரப்பியோ காலியாக்கியோ விடுகிறது. அப்போது காந்தமாக்கம் மாறாமலேயே கெர் சுழற்சி மாறலாம். 2000ஆம் ஆண்டில் கூப்மன்ஸ் குழுவினர் நிக்கலில் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்.

வழி இதுதான்: வோலாஸ்டனுக்கு முன் ஒரு கால் அலைத் தகட்டைச் சேர்த்துக் கெர் நீள்வட்டத்தன்மையையும் (நேர்கோட்டு முனைவாக்கம் எவ்வளவு நீள்வட்டமாகிறது என்பது) அளங்கள். சுழற்சி, நீள்வட்டம் இரண்டையும் அவற்றின் நிலையான வளைய உயரத்தால் தனித்தனியே வகுத்து ஒன்றின்மேல் ஒன்று வரையுங்கள். இரண்டும் ஒன்றிய இடத்திலிருந்து காந்தமாக்கத்தைப் பற்றிப் பேசலாம். பிரிந்து நிற்கும் தொடக்க ஃபெம்டோ நொடிகளில் அந்த எண்ணை வைத்து எதையும் கோராதீர்கள்.

12. சதவீதமும் பொருத்தமும்

மாற்றத்தை ஐந்தாம் படியில் குறித்த வளைய உயரத்தோடு ஒப்பிட்டுச் சதவீதமாக்குங்கள். வளைய உயரம் நேர் நிறைவிலிருந்து எதிர் நிறைவுவரை உள்ளது, காந்தமாக்கத்தின் இரு மடங்கு. ஆகவே இரு புலத் திசைகளின் வித்தியாசத்தை முழு உயரத்தால் வகுங்கள். பாதியை முழுவதால் வகுத்தால் விடையும் பாதியாகும்.

லாக்-இன் பெருக்கி காட்டுவது சதுர அலையின் முதல் சீரிசையின் இருபடிச் சராசரி மதிப்பு. உண்மை வித்தியாசத்தில் 0.45 பங்கு மட்டுமே. அலையியற்றியில் இந்த எண்ணால் திருத்துங்கள். ஆயிரம் துடிப்பு லேசரில் அலை சதுரமாக இருக்காது, இந்த எண் பொருந்தாது. துடிப்புக்குத் துடிப்பு கழிக்கும் முறையை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

குலைவு நேரத்தைப் பொருத்தும்போது, குலைவை விவரிக்கும் சமன்பாட்டைப் படிகத்தில் அளந்த காலக் கூர்மையோடு சுருட்டிச் சேருங்கள் (convolution). பூஜ்ஜிய நேரத்தையும் அங்கே கிடைத்த மதிப்பிலேயே நிலைநிறுத்துங்கள். அதைத் தளர்வாக விட்டால், பூஜ்ஜிய நேரம் 50 ஃபெம்டோ நொடி முன்னே நகர்ந்து குலைவு நேரம் அதே அளவு நீளும், கோடும் அழகாகப் பொருந்தும். விடைதான் தவறு.

பிறகு பம்ப் ஆற்றலைக் கீழிருந்து மேலாக ஐந்து நிலைகளில் மாற்றி அளங்கள். குறைந்த ஆற்றல்களில் குலைவின் அளவு ஆற்றலோடு நேர்விகிதத்தில் ஏற வேண்டும். முதலிரண்டு புள்ளிகளிலேயே கோடு வளைந்தால் புள்ளி அளவையும் டையோடு நிறைவையும் திரும்பப் பாருங்கள். மேல் ஆற்றல் முடிந்ததும் மீண்டும் மிகக் குறைந்த ஆற்றலுக்கு வந்து அதே ஓட்டத்தையும், பம்ப் மூடிய வளையத்தையும் எடுங்கள். வளையத்தின் உயரமோ காந்த நீக்கு விசையோ மாறியிருந்தால் அந்த இடத்தில் படலம் வெந்துவிட்டது. மாதிரியைச் சில புள்ளி அகலம் தள்ளி, புதிய இடத்தில், அந்த உச்ச ஆற்றலைத் தவிர்த்து, மறுபடி கீழிருந்து தொடங்குங்கள்.